நெட்டிலிங்கத்தின் அடிக்கிளைகள்

அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டதோடு பேச்சும் நின்றுபோனது. அடுத்த வருடமே நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தன் பங்கில் பெரியப்பா மாடி வைத்துக் கட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்கிருந்த ஒரே துணை, அந்த மாடி ஜன்னலிலிருந்து கையசைக்கும் பெரியப்பா மகள்தான். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் நான் கையசைப்பேன். அக்கா சிரிப்பாள்.

அம்மாவின் கவலை வேறு. “நம்ம அடுப்புல என்னா கொதிக்குதுன்னு மாடியில இருந்தே பாக்கறாங்க” என்று தினமும் சொல்லி, அப்பாவை மரம் வாங்கக் கிளப்பினாள். வளர்ந்த மரமாகவே வேண்டுமாம்.

ஜன்னல் மறைந்துவிடும் என்று தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சேதராப்பட்டு போகிற வழியிலிருந்த நர்சரிக்கு அப்பாவோடு நானும் போனேன். பள்ளிக்கூடத்து வாதாம் மரம் சிவந்து மொட்டையாவதைப் பார்த்திருந்தேன். அதனால் வாதாமைக் காட்டினேன்.

“இது வாங்குலாம்பா. எலை பெருசா இருக்குது.”

நர்சரிக்காரர் சிரித்தார். “பாப்பா பேச்சக் கேட்டீங்கன்னா, எலை கொட்டனதும் அந்த ஊட்டுக் கொடியில எத்தினி துணி காயுதுன்னு எண்ணிக்கினு ஒக்காரலாம்.”

அப்பா சிரிக்கவில்லை. “எலை கொட்டாததா குடுங்க” என்றார்.

ஆக, நெட்டிலிங்கம். எந்த மாதமும் பச்சை, ஒல்லியாக உயரும், இலை தொங்கித் தொங்கி அடிவரை மூடும். அடிக்கிளையை மட்டும் கழிக்கக் கூடாது, கழித்தால் மறைப்பு போய்விடும் என்று நர்சரிக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். மரங்கள் குட்டியானை வண்டியில் படுத்துக்கொண்டு வந்தன. அன்று சாயங்காலமே ஜன்னல் போய்விட்டது. இலைகளைப் பார்த்துக் கையசைத்தேன். அக்காவும் அசைத்தாளா, தெரியாது.

மரம் வேர் பிடித்ததும் அப்பா கத்தியை எடுத்து அடிக்கிளைகளை வெட்டினார். “பாம்பு வந்து பூந்துக்கும்.”

“பாம்பு பூருதோ இல்லியோ, அந்த ஆளு சொன்னது ஒங்க காதுல பூரல” என்றாள் அம்மா.

“மேல இருக்கறதயும் வெட்டுப்பா” என்று கெஞ்சினேன்.

“மேல பாம்பு வராது” என்றார்.

கிளை தழைக்கத் தழைக்க வெட்டினார், இடுப்பு உயரம் வரை மட்டும். சாயங்காலமானால் மரத்துக்கு எதிரே நாற்காலி போட்டுக் குனிந்து உட்கார்ந்துகொள்வார். மரத்தடியில் விழுந்த சந்து வழியாகத் தெரியும் தன் வீட்டுப் பின்கட்டுப் படியில், பெரியப்பாவும் அதே நேரத்துக்கு வந்து உட்காருவார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். இருட்டும்வரை எழுந்து போகவும் மாட்டார்கள்.

அப்பா பாம்புக்குக் காவல் இருக்கிறார் என்று நினைத்து, நான் பயத்தோடு அவர் பக்கத்தில் நின்று தரையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.