சிதறல் சார் வைத்த புள்ளிகள்

சோப்புத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர் அவர். 'சிதறல் சார்' என்று சொன்னால்தான் வாசல் காவலாளிக்கே தெரியும். கட்டிகளின் சராசரி எடை நூறு கிராம் வந்துவிட்டது என்று மேலாளர் மகிழ்ந்தால் விடமாட்டார்.

"சராசரியை வெச்சு என்ன சார் பண்றது? ஒண்ணு எண்பது, ஒண்ணு நூத்திருபது. எண்பதை வாங்கினவன் திட்டுவான். நூத்திருபதை வாங்கினவன் வந்து நன்றியா சொல்லப்போறான்? எவ்வளவு சிதறுதுன்னு பாருங்க."

ஒருமுறை, மின்விசிறி ஓடும் நாட்களில்தான் கட்டிகள் வளைகின்றன என்று மேலாளர் விசிறிகளையே கழற்றச் சொன்னார். சிதறல் சார் வயிறு வலிக்கச் சிரித்தார். "வெயில் அடிச்சா விசிறி போடுறோம். வெயில் அடிச்சா சோப்பும் இளகுது. விசிறி என்ன சார் பாவம் பண்ணுச்சு? காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதையால்ல இருக்கு!"

ஊருக்குத்தான் உபதேசம்.

அவர் மனைவியைச் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். அந்த நாட்களில் பார்வையாளர் நேரம் முழுவதும் அவள் மிஷின் அறையில் இருப்பாள், அங்கே யாரையும் விடமாட்டார்கள். இடைப்பட்ட நாட்களில்தான் இவர் போவார்.

அவள் வாயாடி. கல்யாணமான புதிதிலிருந்தே ஒரு கேலி வைத்திருந்தாள். "உங்களைப் பார்த்தாலே எனக்கு பிரஷர் ஏறுதுங்க." கட்டிலில் சாய்ந்தபடி அன்றும் அதையே சொல்லிச் சிரித்தாள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தார். ரத்த அழுத்தம் நிஜமாகவே ஏறியிருந்தது. முந்தைய நாட்களையும் பார்த்தார். இவர் வந்த நாளெல்லாம் ஏற்றம், வராத நாளெல்லாம் இறக்கம்.

வீட்டுக்கு வந்து தாளில் புள்ளி வைத்தார். புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன, நடுவில் ஒன்றுகூட இல்லை. இத்தனை வருடத் தொழிலில் ஒன்று வந்தால் மற்றதும் வரும் இவ்வளவு சுத்தமான ஒட்டுறவை அவர் கண்டதில்லை. வேறொருவர் வீட்டுப் புள்ளிகளாக இருந்தால், அந்த நாட்களில் வேறு என்ன நடந்தது என்று முதலில் கேட்டிருப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான்தான் அவளைக் கொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

அதன்பின் அவள் படுத்திருந்த மாடிக்கு ஏறவில்லை. காரணத்தைச் சொன்னால் அதற்கும் அவள் பதறுவாள் என்று சொல்லவும் இல்லை. துவைத்த புடவைகளைக் கீழேயே நர்ஸிடம் கொடுப்பார்.

"இப்ப எப்படி இருக்கா?"

"பரவாயில்லை சார்."

தொழிற்சாலையில் யாராவது 'பரவாயில்லை' என்றால் "எண்ணைச் சொல்லுய்யா" என்று எரிந்து விழுகிற மனிதர், அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பினார். பார்க்கத் துடித்த மனதை வாசலிலேயே அடக்கிவிட்டுத் திரும்பினார். இந்த மனிதர்மேல் கோபப்படுவதா, இவருக்காக அழுவதா?

ஒருநாள் காலையில் அவள் இதயம் நின்றுவிட்டது.

நர்ஸ் அவளுடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். கேட்காமல் இருக்க நர்ஸால் முடியவில்லை. "ஏன் சார் மேலே வரவே இல்ல?"

அவர் சொன்னார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ சார்! மிஷின்ல போட்டா உடம்புல சேர்ந்த தண்ணி இறங்கும், பிரஷரும் இறங்கும். போடாத நாள்ல ஏறத்தான் செய்யும். நீங்க வந்ததெல்லாம் போடாத நாளாச்சே. நீங்க வர்றதை நிறுத்தின பிறகும் அப்படித்தான் ஏறி இறங்குச்சு."

அவருக்கு விளங்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளாம்மா?"

நர்ஸ் தயங்கினாள். "'அவருக்கு என்மேல ஏதோ கோபம்'னு சொன்னாங்க சார். என்ன கோபம்மான்னு கேட்டேன். 'அதான் தெரியல, நானும் படுத்துக்கிட்டு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன்'னாங்க."