அளவு தப்பிய இரண்டு கிரீடங்கள்

அக்காவின் தலையைச் சுற்றி நான் இஞ்சு டேப்பைப் போட்டபோது எங்கள் கம்பெனி பஸ் பெரியபாளையத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் டேப் நழுவிக் காதில் விழுந்தது. "ஆடாம உக்காருங்கக்கா" என்றேன். "நானாடி ஆடுறேன்? ரோடு ஆடுது" என்றார். பின் சீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். மூன்று முறை அளந்து, மூன்றும் ஒன்றாக வந்த பிறகுதான் போனில் குறித்துக்கொண்டேன். அளவு விஷயத்தில் நான் அப்படித்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் எனக்குச் சோதனை மேஜையில் வேலை. ஒயர் ஒரு மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான் திருப்பி அனுப்புவதெல்லாம் அக்கா தலையில்தான் விடியும். அவர் எங்கள் லைன் லீடர். முப்பது பெண்களை வேலை வாங்கி, சாயங்காலத்துக்குள் எண்ணிக்கையைக் காட்ட வேண்டியவர். அதனால் கம்பெனிக்குள் எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். "கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கினு பாக்குறியா நீ?" என்று எல்லார் முன்னாலும் கத்துவார். எனக்கும் வாய் சும்மா இருக்காது. ஆனால் பஸ்ஸில் ஏறிவிட்டால் கதை வேறு. அவர் திருப்பாச்சூரில் ஏறுவார், நான் திருவள்ளூரில். எனக்காக ஜன்னல் ஓரத்து இடத்தில் துண்டு போட்டு வைத்திருப்பார். உட்கார்ந்ததும் நான் பையிலிருந்து குரோஷா ஊசியையும் நூலையும் எடுத்துப் பின்ன ஆரம்பிப்பேன். அவர் தன் சடையை அவிழ்த்து விரலால் கோதிக்கொண்டே தூங்கிப்போவார். கம்பெனியில் எல்லாரும் துணித் தொப்பி போட்டு முடியை மறைக்க வேண்டும். அக்காவின் தொப்பி மட்டும் எப்போதும் உப்பிக்கொண்டிருக்கும். அத்தனை முடி.

அவருக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதுவும் இரண்டு மாதம் முன்னதாக. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ஒரு மாதம் போல, பார்க்க மட்டும் விட்டார்கள். தொட விடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் குறை மாதக் குழந்தை, திருஷ்டி படும் என்று யாரையும் படம் எடுக்க விடவில்லை. பாப்பா தேறி, தவழ்ந்து, எதைக் கண்டாலும் பிடித்து இழுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு நாள் பஸ்ஸில் அக்கா போனை நீட்டினார். யாரோ ஒரு அம்மாவும் குழந்தையும் நூலில் பின்னிய ஒரே மாதிரிக் கிரீடம் வைத்துச் சிரிக்கும் படம்.

"இத்த மாதிரி ரெண்டு போடு. எனுக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. பொறந்தநாளுக்கு போட்டோக்காரர வரச் சொல்லிகீறேன்" என்றார். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு, "நானும் அவளும் சேந்து இது வரைக்கும் ஒரு போட்டோ இல்லடி" என்றார். கத்தியே பழகிய குரல் அது. அன்றைக்கு அதில் சத்தமே இல்லை. நான் அந்த நிமிடமே டேப்பை எடுத்துவிட்டேன்.

பாப்பாவுக்கு அளவெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுருள் சுருளாக முடி. முழித்திருந்தால் தலையைக் காட்டாது என்பதால் தூங்கும்வரை காத்திருந்தோம். அதற்கு ஒரு பழக்கம் இருந்தது. அம்மாவின் சடை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டால்தான் கண் மூடும். அப்படியே மூடியது. நான் மெதுவாக டேப்பைச் சுற்றி, வழக்கம்போல் மூன்று முறை அளந்தேன்.

பொன்மஞ்சள் நூலில், முனைக்கு ஒரு முத்து வைத்து இரண்டையும் போட்டு முடிக்க மூன்று வாரம் ஆனது. பின்னல் விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சியில் முக்கி, அக்காவுடையதை எங்கள் வீட்டுப் பால் குண்டானிலும், பாப்பாவுடையதை ஒரு சொம்பிலும் கவிழ்த்துக் காயவைத்தேன். காய்ந்ததும் டேப்பை வைத்துப் பார்த்தேன். நூல் பிசகவில்லை. என் மேஜைக்கு வந்திருந்தால் நானே பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன்.

இங்கேதான் என் புத்தியை நான் இன்றும் திட்டிக்கொள்வது. முதல் பிறந்தநாள் என்றால் அன்று காலையில் திருத்தணியில் மொட்டை, காது குத்து. எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மூச்சு விடுவதுபோல் எல்லாருக்கும் தெரிந்தது. நான் அந்தச் சுருள் முடியோடு சேர்த்து அளந்துவிட்டேன். அக்காவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அவருக்கும் உறைக்கவில்லை. அவர் விஷயத்தில் நடந்ததோ எனக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லாதது.

விழாவுக்கு நான் நேராக வீட்டுக்குத்தான் போனேன். மதியம் ஆகிவிட்டது. வாசல் பந்தலுக்கடியில் அக்காவின் வீட்டுக்காரர் நின்றிருந்தார். முகத்தில் களையே இல்லை. "பூமுடி குடுத்தா போதும்னு எல்லாருந்தான் சொன்னோம். ஒரு வார்த்த காதுல வாங்கல, முழுசா எடுத்துகிச்சு" என்றார். பெண்கள் மூன்று கத்தை முடி மட்டும் காணிக்கை கொடுத்தாலே வேண்டுதல் தீரும் என்பது வழக்கம். உள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. தொண்டை கட்டிப்போன அழுகை.

அக்கா உள் அறையில் கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சுத்தமான மொட்டை. மேலே பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. முகம் சின்னதாகி, காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. ஒரு கணம் நானே வாசற்படியில் தயங்கிவிட்டேன்.

"பாத்தியா, உனுக்கே தெர்ல. கொயந்தைக்கு எப்டித் தெரியும்?" என்றார்.

பிறகு நடந்ததைச் சொன்னார். பாப்பாவுக்கு மாமன் மடியில் மொட்டை போட்டதும் அழுது அழுது அப்படியே தூங்கிவிட்டது. அது தூங்கும்போது இவர் போய் மொட்டைக்கு உட்கார்ந்தார். அது கண் விழித்ததும் இவர் கையை நீட்டினார். பாப்பா அவரைப் பார்த்து வீறிட்டு மாமன் தோளைக் கட்டிக்கொண்டது. அம்மாவின் குரல் வேறு யாரோ ஒருத்தியிடமிருந்து வருவதால் இன்னும் பயந்தது. வேனில் வந்த நேரம் முழுக்க இவர் பக்கம் திரும்பவில்லை. "பால் கட்டிக்கினு வலிக்குது. வாய வெக்க மாட்டேன்றா" என்றார். "அவ அந்தப் பெட்டிக்குள்ள கீறப்போ, என் தலைல கீற அத்தனியும் எடுத்துக்கோ, அவள உட்டுடுன்னு கேட்டேன். மூணு கத்த முடியக் குடுத்து சாமிய எப்டிடி ஏமாத்துறது?" பஸ்ஸில் நான் மூன்று முறை அளந்தபோதும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்திருக்கிறார். சொன்னால் யாராவது தடுத்துவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை.

"போட்டோ அவளுக்கு மட்டும் எடுக்கட்டும். நான் வேணாம்" என்று துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. ஒரு வருடம் காத்திருந்துவிட்டு, வேண்டாமாம். துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நான் கொண்டுவந்திருந்த பெட்டியைத் திறந்து பெரிய கிரீடத்தை எடுத்து அவர் தலையில் வைத்தேன். அது நெற்றியில் நிற்கவில்லை. புருவத்தைத் தாண்டி, கண்ணை மூடி, மூக்கில் போய் உட்கார்ந்தது.

வரும்போதே நான் கூடத்தில் கொடுத்துவிட்டு வந்த சின்னதை யாரோ அதற்குள் பாப்பாவுக்கு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அது நேராகக் கழுத்துக்கு இறங்கி மாலையாகிவிட்டது. எல்லாரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. "இருங்கக்கா, ஓரத்துல நூல் கோத்து இறுக்கித் தரேன்" என்று ஊசியைத் தேடினேன். அந்த நேரத்தில் மாமன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கழுத்தில் கிடந்த முத்தைக் கடிக்கும் மும்முரத்தில் அதன் அழுகை நின்றிருந்தது.

"யாரு? பாப்பா வந்துகீதா?" என்றார் அக்கா. கண் தெரியாமல் முகத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பினார்.

பாப்பா பார்த்தது. மொட்டைத் தலை தெரியவில்லை. தன் கழுத்தில் கிடப்பது போலவே பொன்மஞ்சளாக ஒன்று, அதன் கீழே வாயும் மோவாயும் மட்டும். அக்கா ஒரு விரலால் கிரீடத்தைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தார். பாப்பாவின் உதடு பிதுங்கியது. விரலை விட்டதும் கிரீடம் தொப்பென்று மறுபடி மூக்கில் விழுந்தது. பிதுங்கிய உதடு அப்படியே நின்றது. இன்னொரு முறை தூக்கினார், விழுந்தது. பாப்பா களுக்கென்று சிரித்தது. மூன்றாம் முறை அது மாமன் தோளிலிருந்து பாதி உடம்பை வெளியே சாய்த்து, இரண்டு கையாலும் கிரீடத்தைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டு, அப்படியே அம்மாவின் மேல் விழுந்தது. முகத்தைக் கழுத்தில் புதைத்துக்கொண்டு ஒரு கையால் முதுகுப் பக்கம் சடையைத் தேடியது. இல்லாமல் போகவே தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

அக்கா அசையவில்லை. கிரீடத்துக்கு அடியிலிருந்து கண்ணீர் மட்டும் இறங்கி வந்தது. நானும் அழுதேன். எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். பாப்பா பால் குடித்து முடித்த பிறகுதான் போட்டோக்காரரை உள்ளே விட்டோம். நான் ஊசியும் நூலுமாகத் தயாராக நின்றேன். அக்கா என் கையைத் தள்ளிவிட்டார். மூக்கில் உட்கார்ந்த கிரீடத்தோடுதான் அந்த முதல் படம். "மூஞ்சியே தெர்லியே" என்றார் வீட்டுக்காரர். "அவளுக்குத் தெரிஞ்சிச்சு இல்ல?" என்றார் அக்கா.

கல்யாணத்துக்குப் பிறகு நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது திருநின்றவூரில் இருக்கிறேன். பக்கத்துப் பிளாட்டுகளிலிருந்து கிரீடம் கேட்டு வருபவர்களிடம், நூலின் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால், மொட்டை எப்போது என்று கேட்டுவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். போகட்டும்.

போன மாதம் திருப்பாச்சூர் போயிருந்தேன். அக்காவின் முடி பழையபடி இடுப்பைத் தொடுகிறது. பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டி அதே மாதிரி வைத்துக் காட்டச் சொல்லி அம்மாவை நச்சரித்தாள். அக்கா அலமாரியிலிருந்து கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்தார். நான் அன்றைக்குப் பஸ்ஸில் அளந்த அளவுக்கு, அச்சாக நெற்றியில் உட்கார்ந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பாப்பாவின் முகம்தான் வாடிவிட்டது.

"விழ மாட்டேங்குதும்மா" என்றாள்.

அக்கா இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். கிரீடம் நகரவில்லை. கழற்றி என் மடியில் போட்டார்.

"வெந்நீர்ல போட்டு முழுசாப் பிரிச்சிடு. கண்ணு மறையிற மாதிரி பெருசா போட்டுக் குடு" என்றார்.

வெந்நீர் வைக்கச் சொன்னேன். டேப் பையில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.