மூடிய அறையில் சாம்பிராணி

சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் ஓர் ஆய்வு நிலையத்தில் எனக்கு வேலை. ஆப்பிரிக்கக் கிராமங்களில் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய் எழுதிய படிவங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். இந்த மாதம் பிள்ளைக்கு எத்தனை முறை சளி, எத்தனை முறை மூச்சிரைப்பு, விறகடுப்பா, சமைக்கும்போது பிள்ளை எங்கே இருந்தது? பெரும்பாலும் ஒரே பதில்தான்: அடுப்படியில், அம்மா முதுகில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஏம்மா, புள்ளைய கொஞ்சம் வெளிய விட்டாத்தான் என்ன?” என்று திரையைப் பார்த்தே திட்டுவேன். வெளியே மழையா, பாம்பா, பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்றெல்லாம் நான் யோசித்ததே இல்லை.

என் மகனுக்கு அப்போது ஏழு மாதம். இரண்டு மாதத்தில் மூன்றாவது முறையாக நெஞ்சில் சளி கட்டியிருந்தது. ஏசி, மழை, பக்கத்து வீட்டுப் பூனை என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டேன். “குழந்தைக் காப்பகத்த மாத்திடலாம் லா” என்றார் கணவர். அந்தச் சனிக்கிழமை காலை, விலா உள்வாங்க மூச்சு விட்டான். அள்ளிக்கொண்டு ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த கிளினிக்குக்கு ஓடினேன்.

டாக்டர் நம் தமிழ்ப் பெண். நாங்கள் நுழைந்ததும் நுழையாததுமாக, மருந்தை ஆவியாகத் தரும் நெபுலைசர் முகமூடியை அவனுக்கு மாட்டினார்.

“வீட்டுல யாராச்சும் ஸ்மோக் பண்றாங்களா?”

“சேச்சே! எங்க வீட்டுல சிகரெட்டக் கையாலகூடத் தொடமாட்டாங்க.” கோபமாகவே சொன்னேன்.

முகமூடியின் பட்டையைச் சரிசெய்யக் குனிந்தவர், அவன் தலைமுடியை முகர்ந்து பார்த்தார். “சாம்பிராணியா?”

“ஆமா டாக்டர். தலைக்கு ஊத்தினேன், முடி காயணுமே. தேக்கா மார்க்கெட்டுல நல்லதாப் பாத்து வாங்கினது.”

“ஜன்னல் தொறந்து இருந்துச்சா?”

“காத்து படக்கூடாதுன்னு கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டேன்.” சொல்லும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். “வாரத்துக்கு ஒரு தடவை போடுவீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

முன்பெல்லாம் அப்படித்தான். சளி பிடிக்க ஆரம்பித்த பிறகு, நெஞ்சுக்கு நல்லதாயிற்றே என்று கூடுதலாகப் போட்டேன். அதைச் சொல்லாமல் விழுங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன், பாவி. முகமூடிக்குள் அவன் இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

“தினமும்” என்றேன்.