கீழே போய் உட்கார்ந்த விண்ணப்பம்

அன்று பெரியகுளம் பிரவுசிங் சென்டரில் இருந்தது மூன்று பேர்: நான், கரண்ட் பில் கட்ட வந்த பெரியவர், கடைக்காரம்மா. திராட்சைத் தோட்டத்துச் சொட்டுநீர் மானியத்துக்கு அன்றுதான் கடைசி நாள். வந்தவர்கள் பிடித்த மவுஸை அந்தம்மா தொடவே மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்.

பிறந்த தேதிக்கு நடுவே கோடு போட, திரையின் மேல்மூலையில் இருந்த கோட்டை அமுக்கிவிட்டேன். விண்ணப்பத்தையே காணோம்.

"போச்சே தாயி! நீயே எடுத்துக் குடு."

"தோட்டமே போன மாதிரி கத்துறியேப்பா," என்றார் பெரியவர்.

"பதறாதீகண்ணே. அழியல, கீழ வரிசைல போயி ஒக்காந்துருக்கு. மவுஸத் தூக்காம நகட்டி, அங்கன ஒரு தட்டுத் தட்டுங்க."

தட்டினேன். எழுதியது எழுதியபடி வந்தது. அனுப்பியதும் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். நான் அவ்வளவு கெஞ்சியும் அந்தம்மா ஏன் கை நீட்டவில்லை என்று ஓடைப்பட்டி வரை யோசித்தேன். இறங்கும்போதுதான் உறைத்தது: அவருக்குக் கொடுக்க வேண்டிய கட்டணம் முப்பது ரூபாய் பாக்கி.