கடைசி வீட்டுப் பூட்டு

தேயிலை எஸ்டேட் ஆபீசில் எனக்கு இருக்கும் ஒரே அதிகாரம், காலியாகும் தொழிலாளர் லயத்து வீட்டை யாருக்குக் கொடுப்பது என்பதுதான். வரிசையில் கடைசி வீட்டை உள்ளூர்க்காரர் யாருக்கும் கொடுக்க முடியாது. பின்சுவரை ஒட்டி மண்மேடு, சுவரில் விரல் நுழையும் விரிசல். போகச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அதனால் கைக்குழந்தையோடு ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த புருஷன் பெண்டாட்டிக்குக் கொடுத்தேன். இரண்டு பேரும் என்னைக் கும்பிட்டார்கள். இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த என் அப்பாவும் இந்த லயத்தில் யாரையோ இப்படித்தான் கும்பிட்டிருப்பார். அது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை.

ஒரே வாரத்தில் அந்தப் பெண் செம்மண்ணைக் குழைத்துச் சுவர் முழுக்கப் பூசி, வெள்ளை மண்ணால் மயிலும் வரைந்துவிட்டாள். விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. பார்க்க வந்த மேனேஜருக்குப் பரம சந்தோஷம்.

"ரிப்பேர் செலவு மிச்சமுங்க" என்றார்.

நானும் மண்டையை ஆட்டினேன். ஆனால் உள்ளே விரிசல் வளர்ந்தாலும் இனி கண்ணுக்குத் தெரியாது.

ஆடி மழை பிடித்த மூன்றாம் நாள் மத்தியானம், மேட்டிலிருந்து செந்தண்ணீர் இறங்கியது. மேனேஜர் கூப்பிட்டார்.

"அவங்கள ஃபேக்டரிக்குக் கூட்டிட்டு வந்துருங்க. வந்ததும் ஊட்டப் பூட்டிருங்க. வேற ஊடு இல்ல, எங்கியாச்சும் பாத்துக்கட்டும்."

போய்க் கதவைத் தட்டினேன். "மண்ணு சரியப் போகுதுங்க, குழந்தையத் தூக்கிட்டு வெளிய வாங்க!"

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. வேறொரு எஸ்டேட்டில் சில மாதம் இருந்ததில் புருஷனுக்குக் கொஞ்சம் தமிழ் வந்திருந்தது.

"வர மாட்டேன் சார். அந்த எஸ்டேட்லயும் மழைன்னு கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வந்தா பூட்டு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயிர் பெரிதா வீடு பெரிதா என்று கத்தினேன். பூட்ட மாட்டேன், சத்தியம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பூட்டு என் மழைக்கோட்டுப் பையில் இருந்தது.

வெட்கமாக இருந்தது. அதை எடுத்து, இரண்டு சாவியோடும் ஜன்னல் கம்பி வழியாக நீட்டினேன். "நீங்களே பூட்டிக்குங்க. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. அவன் நிதானமாகப் பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, சாவியைப் பெண்டாட்டியிடம் கொடுத்தான். நான் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மண் சரியவில்லை. மழை விட்டதும் அவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். கொழுந்து பறிக்க ஆள் கிடைக்காத சமயம் என்பதால் மேனேஜர் அவர்களை விட்டுவிட்டு என்னை வறுத்தெடுத்தார். அதன்பின் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவன் சிரிப்பான். "சும்மா பயந்தீங்க சார்" என்பான்.

இப்போது ஐப்பசி. குன்னூர்ப் பக்கம் பெரிய மண்சரிவெல்லாம் இந்த மழையில்தான் வரும். முந்தாநாள் பிடித்தது இன்னும் விடவில்லை. இன்று காலை மறுபடி போய்க் கூப்பிட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். அவன் கதவை அகலத் திறந்து, உள்ளே வந்து டீ குடிக்கச் சொன்னான். ஊரிலிருந்து அவன் தங்கை இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். மயில் வரைந்த அந்தப் பின்சுவரை ஒட்டித்தான் அவர்களுக்குப் பாய் விரித்திருந்தது. இவர்தான் நமக்கு வீடு கொடுத்தவர் என்று தங்கையிடம் பெருமையாகச் சொன்னான்.