விளாத்திகுளத்தில் இருந்த என் விமரிசகர்

என் முதல் கதைத் தொகுப்புக்கு வந்த ஒரே விமரிசனம் ஒரு சிற்றிதழின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. ‘இவர் கதைகளில் ஆண்கள் பேசுகிறார்கள், பெண்கள் அழுகிறார்கள். கரிசல் காட்டில் பெண்கள் இவ்வளவு நேரம் அழுதால் மிளகாய் யார் பறிப்பது?’ என்று முடிந்திருந்தது. எழுதியவர் விளாத்திகுளம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்று இதழ்க்காரர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறிவிட்டேன். வழியெல்லாம் மிளகாய் வற்றல் காய்கிற நெடியில் தும்மிக்கொண்டே, கேட்க வேண்டிய கேள்விகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். டியூட்டி முடிந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தவர், நான் பெயர் சொன்னதும் சிரித்தார்.

“சண்டை போடத்தான வந்திருக்கீங்க அண்ணாச்சி? டீயைக் குடிச்சிட்டுப் போடுவோம்.”

எதிரே இருந்த டீக்கடையில் சாயங்காலம் வரை பேசினோம். ஒவ்வொரு கதையாக எடுத்து, எந்த இடத்தில் நம்பினார், எந்த இடத்தில் நம்பவில்லை என்று சொன்னார். திரும்பும்போது கோபம் இருந்தது, ஆனால் எழுத வேண்டும் என்ற வேகம் அதைவிட அதிகமாக இருந்தது.

பிறகு அவர் கோவில்பட்டி வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் மனைவியின் பிரசவத்துக்கு லீவு போட்டு வந்து கூடவே இருந்தார். மகளை முதலில் கையில் வாங்கியவர் அவர்தான்.

இரண்டாவது புத்தகம் வந்தது. மாதங்கள் போயும் அவர் எழுதவில்லை. பொறுக்காமல் கேட்டேன்.

“உங்க வீட்டுச் சோறு தின்னாச்சு, பிள்ளையத் தூக்கியாச்சு. இனி உங்க புத்தகத்தைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது. குத்தம் சொல்ல முடியாதவ பாராட்டுனா அதுல என்ன இருக்கு?”

அன்றைக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வேறு பலர் எழுதினார்கள், நல்லவிதமாகவே எழுதினார்கள். அவற்றில் ஒரு வரிகூட எனக்கு மனப்பாடம் இல்லை.

இப்போது அவர் ஓய்வு பெற்று, திருநெல்வேலியில் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் போன் செய்து, புது நாவல் வந்திருப்பதைச் சொன்னேன்.

“படிச்சிட்டேன்” என்றார். நான் காத்திருந்தேன்.

“அங்கன மழை உண்டா?” என்று கேட்டார்.

நேற்று கொஞ்சம் தூறியது என்றேன்.