மூணாவத எட்டு மணில வை

காத்து கருப்பு அண்டிடுச்சின்னு எங்க தெருவுல யாராவது தாயத்து கட்ட ஓடுனா, "மொதல்ல டாக்டர போய் பாருங்கடி"ன்னு வெரட்டற ஆளு நானு. ஜின்னு, பேயி எதையும் நம்பனதில்ல. அதனாலயே இத யார்கிட்டயும் சொல்றதில்ல. நீ நம்புனா நம்பு, நம்பாட்டி போ. சிரிச்சின்னா மட்டும் பாதியில நிறுத்திடுவன்.

அப்ப வில்லியனூர்ல எங்க வூட்டுக்காரரு அனீபா மைக் செட் வச்சிருந்தாரு. மத்தவங்க செட்டுல ஒரே மைக்குதான், அதையே கை மாத்தி மாத்தி பேசுவாங்க. இவருக்கு மட்டும் மாமா பையன் பிரான்சுலேந்து வரப்ப ஒரு சின்ன மிக்சர் கொண்டாந்து குடுத்தாரு. நாலு மைக்க மாட்டி ஒவ்வொண்ணோட சத்தத்தையும் தனியா ஏத்தி எறக்கலாம், தையல் பெட்டி அளவுதான் இருக்கும். "இன்னா பாய், மிக்சரா? காராபூந்தி போட்டதா?"ன்னு ஊரே கேலி பண்ணுச்சி. ஆனா அதுல அவரு வேலை செய்யறத பாத்திருக்கணும்பா நீ! அதுல இருக்கற குமிழுங்கள கடிகாரம் மாதிரி சொல்லுவாரு. ஏழு மணின்னா மூடனது, பன்னெண்டுன்னா பாதி. கணீர்னு பாடறவங்களுக்கு ஒம்போது மணி, மூச்சு வாங்கற கெழவருக்கு ஒரு மணி. பத்து பேரு ஒண்ணா பாடுனாலும் ஒவ்வொரு கொரலும் தனித்தனியா வந்து காதுல உக்காரும். பெருமைக்கு சொல்லல, அப்படி ஒரு காது அந்த மனுஷனுக்கு.

பக்கத்து ஊரு மாதா கோயில்ல வயசான சாமியாரு ஒருத்தரு, ஊர வுட்டு போறாருன்னு அவருக்கு பிரிவு பூசை, சாயங்காலம் நாலு மணிக்கு. தொண்டையில ஆபரேசன் பண்ணதுல அவருக்கு கொரலே போயிடுச்சி, காத்து மாதிரிதான் வரும். "கடைசி ஆளு வரைக்கும் நான் கேக்க வைக்கறன் சாமி"ன்னு இவரு வாக்கு குடுத்துட்டாரு. பூசைக்கு மூணு நாளைக்கு முன்ன இவரே டைபாய்டு வந்து பாண்டி ஆஸ்பத்திரியில படுத்துட்டாரு. கண்ண தொறக்க முடியல, "நீ போ, நான் செய்யறத பாத்துதான இருக்க"ன்னு மட்டும் சொன்னாரு. என் நாத்தனார அவருகிட்ட வுட்டுட்டு நான் பெட்டிய தூக்கிக்கினு போனன்.

அந்த ஊரு எலெக்ட்ரீசியன் சவரி அண்ணன் குழா ஸ்பீக்கர பந்தல பாத்து கட்டி குடுத்தாரு. மத்தது நான். அவரு செய்யறாப்பலயே எல்லா குமிழையும் மூடிட்டுதான் ஆம்ப்ளிபயர போட்டன். சாமியாருக்கு ஒண்ணாவது மைக்கு, பாடற பொண்ணுங்களுக்கு ரெண்டாவது, ஆர்மோனியத்துக்கு மூணாவது. ஹெட்போன மாட்டிக்கினு ஒவ்வொண்ணா தொறந்து பாத்தன், நல்லாதான் இருந்துது.

பூசையில சாமியாரு பேச வாய தொறந்தாரு, ஒண்ணுமே கேக்கல. குமிழ ஏத்தனன் பாரு, கூஊன்னு கத்துச்சி, ஜனம் காத பொத்திக்கிச்சி, கொழந்தைங்க அழுவுது. அப்பதான் ஹெட்போன்ல கேட்டுது.

"அவசரப்படாத. மூணாவத எட்டு மணில வை."

அவரு கொரலு. அல்லா அறிய சொல்றன், ஜொரத்துல நாக்கு ஒலந்து போன அதே கொரலு. திரும்பி பாக்கறன், யாரும் இல்ல. கை தானா மூணாவத எறக்குச்சி. கத்தல் நின்னுது.

"ரெண்டாவத மூடு. இப்ப சாமிய மெதுவா ஒரு மணிக்கு கொண்டா."

கொண்டாந்தன். அந்த காத்து மாதிரி கொரலு மூச்சோட சேந்து பந்தல் கடைசி வரைக்கும் போச்சி. "உங்கள திட்டியிருந்தா மன்னிச்சிடுங்க புள்ளைங்களா"ன்னாரு சாமியாரு. அவ்ளோ கூட்டமும் தேம்புச்சி, நானும்தான். எங்க வூட்டுக்காரரு குடுத்த வாக்கு நெறவேறிடுச்சேன்னு அந்த பயத்துலயும் ஒரு சந்தோசம்.

அவரு பேசி முடிக்கற நேரம், ஹெட்போன்ல மறுபடியும் அதே கொரலு, "நாலாவதுல யாரோ பேசறாங்க. ஏத்து."

நான் மாட்டனது மூணே மைக்கு. நாலாவது ஓட்டையில ஒயரே இல்ல. "ஏத்து"ன்னு இன்னொரு வாட்டி கேட்டுது. ஹெட்போன கழட்டி வச்சிட்டன்.

பஸ் புடிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடனன். நர்சம்மா சிரிக்கறாங்க. "இன்னாம்மா உங்க வூட்டுக்காரரு, எட்டு மணிங்கறாரு, ஒரு மணிங்கறாரு, நாலரைதான் ஆவுதுன்னா கேக்கவே இல்ல." நாத்தனாரு சொன்னா, போர்வை மேல வெரலு எதையோ திருகிக்கினே இருந்துதாம், ஒரு மணின்னு சொன்னதும் அப்படியே தூங்கிட்டாராம், அப்பறம் வாயே தொறக்கலயாம். தொட்டு பாத்தன், ஜொரம் எறங்கி வேர்த்திருந்துது.

வூட்டுக்கு வந்தப்பறம் ஒருநாளு எல்லாத்தையும் சொன்னன். அவருக்கு ஒண்ணுமே நெனப்பில்ல. ஆர்மோனியத்த எறக்கனத கேட்டு, "கரெக்டுதான், நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பன்"னு சிரிச்சாரு. நாலாவதுல ஏத்த சொன்னத சொன்னன். சிரிப்பு நின்னு போச்சி.

"ஏத்தினியா?"

"இல்லீங்க."

"அது நான் சொல்லல"ன்னாரு.

ஒண்ணுமே நெனப்பில்லன்ன மனுஷன் அத மட்டும் எப்படி அவ்ளோ உறுதியா சொன்னாருன்னு நானும் எத்தினியோ வாட்டி கேட்டுட்டன். கேக்கறப்பல்லாம் சட்டைய மாட்டிக்கினு கடைக்கு போயிடறாரு.